கொல்லை மண்

எல் சன்யார்
ஜூலை 26, 1965

ருபெர்த்தோவுக்கு,

உங்கள் அண்ணன் ஒனோஃப்ரே ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருப்பார். இருந்தாலும், வீட்டுக்காரி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று சுரங்கத்தில் உங்கள் கூட்டாளிகள் பேசக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மழை பெய்தது. இந்த ஊரில் மழை என்றால் தரையில் புள்ளி வைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. அப்புறம் ஓடையில் சேறு இறங்கியது. கல், முள், செத்த ஆடு, யார் வீட்டுக் கதவோ, எல்லாம் சேர்ந்து உருண்டு வந்தது. நம் வீடு நிற்கிறது. முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. கொல்லை முழுக்கச் சேறு. படுக்கையறைச் சுவரில் ஜன்னல் மட்டம் வரை ஏறி நிற்கிறது. கோழிகள் போய்விட்டன. நான் இருக்கிறேன்.

லீவு கேட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். பிப்ரவரியில் பிள்ளையைப் புதைத்த மறுநாளே லாரி ஏறிப் போனவர், சேற்றைப் பார்க்க வந்து என்ன ஆகப்போகிறது.

லாரிக்காரர் மோய்சேஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதை திறந்ததும் அவர்தான் முதலில் மலைக்கு வருவாராம்.

எதெல்மீரா


சுரங்க முகாம்
ஆகஸ்ட் 10

எதெல்மீரா,

உன் கடிதம் கிடைத்தது. தந்தியைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. சந்தோஷம்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொன்னால் நம்ப மாட்டாய், விடு. பிப்ரவரியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அன்று கிளம்பாவிட்டால் வேலை போயிருக்கும். கடிதத்தில் சண்டை போட எனக்குக் கை வராது. வீட்டு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

அந்தச் சேற்றை உடனே அள்ள வேண்டும். நம் சுவர் சுடாத கல். கல்யாணமான வருஷம் நீயும் நானும் மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, வெயிலில் காய வைத்துக் கட்டியது. மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் தாங்கும். காலடியில் ஈரம் நின்றால் மட்டும் சர்க்கரைக் கட்டி மாதிரி கரைந்துவிடும். ஒரு குளிர்காலம் தாங்காது. முதலில் அடிப்பக்கம் பொரிந்து உதிரும். அப்புறம் ஒரு நாள் நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது கூரையோடு உட்காரும். ஒனோஃப்ரேயிடம் சொல்லியிருக்கிறேன். அவன் கழுதை வண்டியோடு வந்து அள்ளி, ஓடையிலேயே கொட்டிவிடுவான். நீ மண்வெட்டியைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. மேட்டில், கல்லறையில், எப்படி இருக்கிறது? நம் பிள்ளை லுஸ்மீலாவின் இடம் நன்றாக இருக்கிறதா? நான் அடித்த வேலி நிற்கிறதா? பச்சை பெயின்ட் சரியாகக் காயாமலே நட்டுவிட்டு வந்தேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

ருபெர்த்தோ


எல் சன்யார்
ஆகஸ்ட் 30

ருபெர்த்தோவுக்கு,

ஒனோஃப்ரே மச்சான் வந்தார். வண்டி, கழுதை, மண்வெட்டி, தோளில் துண்டு, எல்லாம் இருந்தது. நான் கொல்லைக் கதவில் நின்றுகொண்டேன்.

“என்னம்மா, வழிய மறிச்சிக்கிட்டு நிக்கிறே?” என்றார்.

“அள்ள வேண்டாம் மச்சான்.”

“தம்பி சொல்லி அனுப்பியிருக்கானே.”

“உங்க தம்பி சுரங்கத்துல இருக்காரு. கொல்லை இங்க இருக்கு.”

“சேத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? ரொட்டி சுடப்போறியா?”

முளை விட்டிருக்கிறது, பாருங்கள் என்று காட்டினேன். சிரித்தார். “மலை முழுக்கத்தான் முளைச்சிருக்கு. இந்தப் பக்கம் பாலைவனமே பச்சையாக் கெடக்குது. உன் கொல்லையில என்ன அதிசயம்?” என்றார்.

அவர் சொல்வது சரிதான், மலை முழுக்க முளைத்திருக்கிறது. ஆனால் நம் கொல்லையில் இதுவரை ஒரு புல் தலைகாட்டியது உண்டா? தினமும் தண்ணீர் தெளித்து, பெருக்கிப் பெருக்கி, சிமென்டு போல ஆக்கி வைத்திருந்தேன். இப்போது அந்தச் சேற்றின் மேல் அன்யான்யூக்கா கத்தி கத்தியாக இலை விட்டிருக்கிறது. குவனாக்கோப் பாதம் என்போமே, அதுவும் சதைப்பற்றாய்ப் படர்ந்திருக்கிறது. இன்னும் பெயர் தெரியாதது எவ்வளவோ. பூக்கும்வரை யாரும் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லி மச்சானுக்கு ஒரு மாத்தே போட்டுக் கொடுத்து அனுப்பினேன். குடித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மேட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதை இன்னும் சரியாகவில்லை.

எதெல்மீரா


சுரங்க முகாம்
செப்டம்பர் 14

எதெல்மீரா,

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணன் ஆள் மூலமாகக் கடிதம் அனுப்பியிருக்கிறான். அதை முகாமில் என் பக்கத்துக் கட்டில்காரன்தான் முதலில் பிரித்துப் படித்தான். இப்போது சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்தால், “என்ன ருபெர்த்தோ, தோட்டக்காரரே, பூ எப்படி இருக்கு?” என்கிறார்கள். தேசிய விழாவுக்கு முகாமில் ஆளுக்கொரு கறி வைத்த எம்பனாதாவும் வைனும் தருவார்கள். எனக்கு மட்டும் தட்டில் ஒரு பூவையும் வைத்துத் தரப்போவதாகப் பேச்சு.

களைச்செடிக்காக ஆட்டை விரட்டிக்கொண்டு திரிகிறாயாமே. கஸ்தோதியோவின் கிடாவைக் கல்லால் அடித்தாயாமே. கொல்லையில் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கிறதாம், அதற்கு என் கல்யாணக் கால்சட்டையை மாட்டியிருக்கிறாயாம். ஒனோஃப்ரே எழுதியதை அப்படியே தருகிறேன்: “அவளுக்கு மனசு கலங்கிப்போச்சுடா தம்பி. நீ வந்து பாரு, இல்லாட்டி நானே அள்ளிப்புடறேன்.”

சுவரின் அடிப்பக்கம் பொரிய ஆரம்பித்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறான். பூ பூக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? அதைப் பார்க்க மலைக்குப் போ. நம்மிடம் இருப்பது இந்த ஒரு வீடு. அதை இழந்தால் நான் திரும்பி வருவதற்கு இடமே இல்லை. அதுதான் உன் எண்ணமா?

இந்த மாதக் கடைசிக்குள் நீயாக அள்ளவிடவில்லை என்றால் ஒனோஃப்ரே நாலு ஆட்களோடு வருவான். நீ பூசைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வருவான். சொல்லிவிட்டேன்.

மேட்டுக்குப் பாதை சரியாகவில்லை என்கிறாய். மோய்சேஸ் அந்த வழியாகத்தான் லாரி ஓட்டிக்கொண்டு வருகிறான். எதை மறைக்கிறாய்?

ருபெர்த்தோ


எல் சன்யார்
செப்டம்பர் 22

ருபெர்த்தோவுக்கு,

ஒனோஃப்ரேயை அனுப்பாதீர்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோபத்தில் பாதியில் மடித்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு.

பாதையைப் பற்றி நான் எழுதியது பொய். மழை நின்றதுமே முழங்கால் சேற்றில் இறங்கி மேட்டுக்குப் போனேன். பெரியவர்கள் வரிசை அப்படியே இருக்கிறது. உங்கள் அப்பாவின் சிலுவைகூடச் சாயவில்லை. குழந்தைகள் வரிசை ஓடையோரம் இருந்ததல்லவா, அது இல்லை. அந்த விளிம்பையே ஓடை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாலு குழந்தைகள். கடைசியாக வைத்தது நம்முடையது. அதனால் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

திரும்பி வந்து கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தேன். சேற்றில் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. நீங்கள் அடித்த வேலி. தொட்டில் பக்கவாட்டைப் போலச் செய்தீர்களே, அதில் ஒரு பக்கம், குச்சிகளும் மேல் சட்டமும் உடையாமல் இருந்தது. பெயின்ட் நன்றாகக் காய்ந்திருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வேலி இங்கே வந்திருக்கிறது என்றால் அவள் எங்கே? ஓடையோடு கடலுக்குப் போயிருக்கலாம். நம் ஜன்னலுக்குக் கீழேயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தோண்டிப் பார் என்பீர்கள். எதை வைத்துத் தோண்டுவது? மண்வெட்டி முனை அந்தப் பெட்டியில் படுகிற சத்தத்தை என்னால் கேட்க முடியாது. கழுதை வண்டியில் அள்ளி ஓடையில் கொட்டுவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு தடவை போனவளை இரண்டாம் தடவையும் நாமே தூக்கி எறிவதா? இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பூவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பூ பூத்துவிட்டது. அன்யான்யூக்கா சிவப்பாகவும் மஞ்சளாகவும், ஜன்னலைத் திறந்தால் முகத்துக்கு நேரே நிற்கிறது. அதற்குள்ளே வெளிர் நீலத்தில் பெருமூச்சுப்பூ. பக்கத்து வீட்டு த்ரான்சித்தோ அக்கா பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். “இந்த நீலம் மேட்டுல, கல்லறைக்கிட்டதான் பூக்கும் எதெல்மீரா. நம்ம கொல்லைங்கள்ல பூத்து நான் பாத்ததே இல்ல. அந்த மண்ணுதான்டி இது” என்றாள். அவள் பையனும் அந்த வரிசைதான். எனக்குக் கல்யாணமாகும் முன்பே போனவன். ஆட்டை விரட்டுவது முக்கால்வாசி அவள்தான். பொம்மைக்குக் கால்சட்டை மாட்டியதும் அவள்தான். “ஆம்பளை உடுப்பைப் பாத்தாத்தான் கிடா பயப்படும்” என்றாள். கிடா பயப்படவில்லை, கால்சட்டையில் பாதியைத் தின்றுவிட்டது.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். பிப்ரவரியில், புதைப்பதற்கு முந்தின ராத்திரி, ஊர் வழக்கப்படி அவளை வெள்ளை உடுப்பில், முதுகில் காகித இறக்கை ஒட்டி, மேசைமேல் சின்ன நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடினார்கள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பிள்ளையே விடைபெறுகிற மாதிரி, அவள் குரலில், ‘அம்மா, நான் போயிட்டு வர்றேன்’ என்று பாடினார்களே, அங்கே என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. தாய் அழுதால் இறக்கை நனைந்துவிடும், பிள்ளை பறக்க முடியாமல் பாதி வழியில் நின்றுவிடும் என்று நானும் கேட்டு வளர்ந்தவள்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் என் தோளை அழுத்திப் பிடித்து, ஊர் முன்னால் சொன்னீர்கள்: “வாய மூடுடி. புள்ளைய மேல போக விடமாட்டியா?”

பச்சை வேலியைச் சேற்றில் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அந்த வார்த்தைதான். மேலே போக முடியாமல் கீழே வந்துவிட்டாள். என்னால்தான் வந்துவிட்டாள். இரண்டு மாதம் அதை நினைத்துக்கொண்டே அந்தச் சுவரோரம் படுத்திருந்தேன்.

த்ரான்சித்தோ அக்காவிடம் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். அவள் கோபத்தில் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “என் புள்ள போனப்ப நான் ஒரு சொட்டு விடல. பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன், உதடு கிழிஞ்சுது. ஊரே மெச்சுச்சு. அந்தப் புள்ளையும்தானே சேத்தோட வந்திருக்கான்? அழுதா நனையும்னா, அழாத என் புள்ள ஏன்டி நனைஞ்சான்?” என்றாள்.

அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் வருகிறது. ஆனால் இதை எனக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

வீடு போகும் என்கிறீர்கள், எனக்கும் தெரிகிறது. காலையில் எழுந்தால் கட்டிலுக்கு அடியில் சுவர்மண் உதிர்ந்து கிடக்கிறது, பெருக்கி எடுக்கிறேன். அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. அள்ள மட்டும் விட மாட்டேன்.

எதெல்மீரா


சுரங்க முகாம்
அக்டோபர் 9

எதெல்மீரா,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் மோய்சேஸ் கிளம்பிவிட வேண்டும் என்று அவனை வண்டியில் உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். கொல்லையைத் தொடாதே என்று ஒனோஃப்ரேயிடம் ஏற்கெனவே வேறொரு லாரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். பயப்படாதே.

உன் கடிதம் வந்தபோது ஷிஃப்டுக்கு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இறங்கவில்லை. லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மோய்சேஸ் வந்து, “என்னப்பா, மாத்தே குடிக்கிறியா?” என்றான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நிறுத்த முடியவில்லை. மோய்சேஸ் முகாமிலிருந்து பார்த்தால் தெரியாதபடி லாரிக் கதவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் நின்றுகொண்டு சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

அன்று நான் சொன்னதற்குச் சமாதானம் எதுவும் இல்லை. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே நம்பினேன், அவள் போக மாட்டாள் என்று. அந்தப் பயத்தை உன் தலையில் போட்டுவிட்டு மறுநாள் லாரி ஏறினேன். வேலை போய்விடும் என்று எழுதினேனே, அது பாதி உண்மை. மீதி, அந்த வீட்டில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது நானும் அழுதாயிற்று. நனைந்தால் நனையட்டும். பறக்காவிட்டால் என்ன? மேலே அவளுக்கு யாரைத் தெரியும்? இங்கேயே இருக்கட்டும், நம் வீட்டில்.

சுவருக்கு வழி சொல்கிறேன், கவனமாகப் படி. மண்ணை எடுக்க முடியாது என்றால் நாம் நகர வேண்டும். படுக்கையறைக் கூரையை மட்டும் பிரித்துவிடு. ஒனோஃப்ரே பிரித்துத் தருவான், கட்டைகளை வீணாக்க வேண்டாம் என்று சொல். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற உள்சுவர்தான் இனிமேல் வீட்டின் கடைசிச் சுவர். அது அரைக்கல் கனம்தான், வெளிச்சுவருக்குப் போதாது. அதன் பின்னால் இன்னொரு வரிசை கல் வைத்துக் கனமாக்க வேண்டும். அடியில் இரண்டு முழத்துக்குக் கருங்கல்லும் சுண்ணாம்பும் போட்டால் ஈரம் ஏறாது. அதை நான் வந்து செய்கிறேன். ஒனோஃப்ரேயிடம் விடாதே, அவன் கட்டிய அடுப்பே சாய்ந்துதான் நிற்கிறது.

பழைய சுவரை இடிக்க வேண்டாம். அது தானாகக் கரைந்து உட்காரட்டும். நீயும் நானும் மிதித்த மண்தானே. அவள் மேல் போர்த்திவிட்ட மாதிரி இருக்கும்.

டிசம்பரில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுக்காவிட்டாலும் வருவேன். ஆனால் நீ வரச் சொன்னால்தான். வர வேண்டாம் என்றால் கருங்கல்லுக்கு ஆள் ஏற்பாடு பண்ணி அனுப்புகிறேன், அதற்கு உன் பதில் தேவையில்லை.

ருபெர்த்தோ


எல் சன்யார்
நவம்பர் 7

ருபெர்த்தோவுக்கு,

கூரை பிரித்தாயிற்று. ஒனோஃப்ரே மச்சான்தான் பிரித்தார். கட்டைகளை அளவு பார்த்து அடுக்கி, ஆணிகளைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைத்தார். வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லையைப் பார்த்தார். “எனக்கு யாரும் சொல்லலியேம்மா” என்றார். நானும்தான் சொல்லவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுப்பைப் பற்றியும் பேசாதீர்கள்.

நகரத்திலிருந்து ஒரு கார் வந்தது. பாலைவனம் பூத்திருப்பதைப் படம் பிடிக்க வந்தவர்கள். தொப்பி வைத்த ஒரு அம்மா கொல்லை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “எவ்ளோ அழகா வளத்திருக்கீங்க! விதை எங்க வாங்கினீங்க? கொஞ்சம் பறிச்சிக்கலாமா?” என்று கேட்டாள். த்ரான்சித்தோ அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்ததைப் பார்த்ததும் கார் கிளம்பிவிட்டது.

சகல புனிதர்கள் திருநாளுக்கு எல்லோரும் மேட்டுக்குப் போனார்கள். ஓடை கொண்டுபோன மற்ற மூன்று பிள்ளைகளின் வீட்டுக்காரர்களும் நம் கொல்லைக்கு வந்தார்கள். வருஷா வருஷம் வைக்கிற காகிதப் பூவையும் தகரப் பூவையும் கையோடு கொண்டுவந்தவர்கள், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பாதிரியார் மேட்டிலிருந்து இறங்கி வரும் வழியில் எட்டிப் பார்த்தார். “இதைக் கல்லறைன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது, தெரியுமில்ல?” என்றார். நாங்கள் கேட்கவே இல்லை. மந்திரித்த தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டுப் போனார். அன்று நான் அழுதேன், சத்தமாகவே அழுதேன். த்ரான்சித்தோ அக்காவும் அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை, பார்க்கவே பயமாக இருந்தது. யாரும் யாரையும் அடக்கவில்லை.

இப்போது பூ எல்லாம் காய்ந்துவிட்டது. தண்டு மஞ்சளாகி, காய் வெடித்து, கறுப்பு விதை சேற்று வெடிப்புகளில் கொட்டிக் கிடக்கிறது. அடுத்த மழை எப்போதோ. நாம் கிழவனும் கிழவியுமாகும்போது வருமோ, அதற்கும் பிறகு வருமோ. யாரும் கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

உங்கள் வார்த்தையை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று கடிதத்தில் எழுதிவிடலாம், அது சுலபம். ஆனால் மனசு ஆறவில்லை. அதை நேரில், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நானும் திட்டுவேன், நீங்கள் லாரி ஏறக் கூடாது.

கட்டிலைச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேசையை வெளியே எடுத்துப் போட்ட பிறகுதான் அது நுழைந்தது. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் நீங்கள் கனமாக்க வேண்டிய சுவர். நடுவில் ஒரு ஆள் நடக்கத்தான் இடம் இருக்கிறது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் ரொட்டிகூடச் சுட முடியாது.

வாருங்கள். சுண்ணாம்பு இங்கே கிடைக்காது, வரும்போது வாங்கி வாருங்கள்.

எதெல்மீரா